மாதக் கடைசியில் வெட்டி ஒட்டும் வேலை

கேள்வி: சிறு நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். மாதம் முடிந்ததும் கணக்கு மென்பொருளிலிருந்து ட்ரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) எக்செலுக்கு எடுத்து, வெட்டி ஒட்டி லாப நட்ட அறிக்கை தயாரிக்க இரண்டு நாள் போய்விடுகிறது. இரண்டையும் நேரடியாக இணைக்க முடியுமா?

பதில்: முடியும். எக்செல் 2016 முதல் 'டேட்டா' டேப்பிலேயே பவர் குவெரி இருக்கிறது; வெளியிலிருந்து தரவை இழுத்துச் சீர்செய்யும் கருவி அது. உங்கள் மென்பொருளில் ஓடிபிசி (மற்ற மென்பொருள்கள் தரவை நேரடியாகப் படிக்கும் வழி) வசதி இருந்தால் நேரடி இணைப்பு. இல்லையென்றால் மாதாமாதம் எடுக்கும் சிஎஸ்வி (கமாவால் பிரித்த எழுத்து) கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, 'ஃப்ரம் ஃபோல்டர்' கொடுங்கள். அடுத்த மாதம் 'ரெஃப்ரெஷ் ஆல்' அழுத்தினால் போதும்.

ஆனால் ட்ரையல் பேலன்ஸை இழுக்காதீர்கள். புதிதாக ஒரு லெட்ஜர் (வாடகை, மின்கட்டணம் போன்ற தனிக் கணக்கு) சேர்ந்தால் வரிசைகள் கீழே நகரும்; நீங்கள் பி14 என்று எழுதிவைத்த ஃபார்முலா வாடகைக்குப் பதில் மின்கட்டணத்தைக் காட்டும். தேதி, வவுச்சர் எண், லெட்ஜர், டெபிட், கிரெடிட் என்று ஒவ்வொரு பதிவையும் அப்படியே இழுங்கள். தனி ஷீட்டில் எந்த லெட்ஜர் அறிக்கையின் எந்தத் தலைப்பில் சேரும் என்று பட்டியல் வைத்து, இரண்டையும் சேர்த்து பிவட் டேபிள் (தலைப்புவாரியாகக் கூட்டிக் காட்டும் அட்டவணை) போடுங்கள்.

இந்தப் பட்டியலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வருட நடுவில் யாரோ 'கூரியர் செலவு' என்று புது லெட்ஜர் திறந்துவிட்டார்கள். என் பட்டியலில் அது இல்லை. மூன்று மாதம் அந்தச் செலவு அறிக்கைக்கே வரவில்லை. லாபம் கூடிவிட்டதென்று எல்லோருக்கும் சந்தோஷம். தணிக்கையின்போது பிடிபட்டது. அதிலிருந்து அறிக்கையின் தலையில் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்: பட்டியலில் இல்லாத லெட்ஜர் எத்தனை? பூஜ்யம் இல்லையென்றால் சிவப்பாகிவிடும். பக்கத்துக் கட்டத்தில் மொத்த டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் பூஜ்யமாகும்வரை அறிக்கையை யாருக்கும் அனுப்புவதில்லை.

அப்புறம் தேதி. 03/04 என்பது ஏப்ரல் 3 என்று உங்களுக்குத் தெரியும். மாதத்தை முதலில் படிக்கும் கணினிக்கு அது மார்ச் 4. 13/04 வந்தாலோ, 13-வது மாதம் கிடையாதே, தேதியாகவே மாறாது. ஆக ஒரே மாதத்தின் பதிவுகளில் சில வேறு மாதத்துக்குப் போகும், சில எங்கேயும் சேராது. பவர் குவெரியில் தேதி நெடுவரிசையை வலது கிளிக் செய்து 'சேஞ்ச் டைப்', 'யூசிங் லொக்கேல்' போய், எந்த நாட்டுத் தேதிமுறை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

லெட்ஜர் பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் பட்டியலோடு பொருந்தாது. 'ட்ரிம்' போட்டுவிடுங்கள். மென்பொருளில் லெட்ஜருக்குக் குறியீட்டு எண் இருந்தால் அதைவைத்தே பொருத்துவது இன்னும் நல்லது. யாராவது பெயரை மாற்றினாலும் எண் மாறாது.

ஒன்று மட்டும் கவனம். யாராவது போன மாதத் தேதியில் இப்போது பதிவு போட்டால், அடுத்த ரெஃப்ரெஷில் போன மாத அறிக்கை சத்தமில்லாமல் மாறிவிடும். அதனால் அனுப்பிய அறிக்கையை 'பேஸ்ட் வேல்யூஸ்' செய்து (ஃபார்முலா, இணைப்பு எதுவும் இல்லாமல் மதிப்புகளை மட்டும் ஒட்டி) தனிக் கோப்பாக எடுத்துவையுங்கள். "போன மாதம் வேறு தொகை சொன்னீர்களே" என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.