பழைய கேஸ் டேங்க் நீர்மூழ்கிக்கு உடலாகுமா?

நண்பரே, 90 செ.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளம், 6 மி.மீ. தகடு கொண்ட எல்பிஜி டேங்கில் 30 மீட்டர் ஆழம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டேங்கின் பெயர்த்தகட்டில் 17 பார் (அழுத்தத்தின் அலகு) என்று இருப்பதை நம்பாதீர்கள். அது உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கானது. வெளியிலிருந்து நெருக்கினால் தகடு கிழியாது, சட்டென்று நசுங்கிவிடும்.

உங்கள் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே தகட்டைத் தாங்கும் இரும்பு வளையங்கள் இல்லாவிட்டால் ஏறக்குறைய 7 பாரில் நசுங்கும். அதுவும் டேங்க் துல்லிய வட்டமாக இருந்தால்தான். பழைய டேங்கில் ஒரு பள்ளம், கொஞ்சம் துரு போதும், அந்தக் கணக்கு சரிந்துவிடும். 30 மீட்டரில் நீரழுத்தம் மட்டுமே 3 பார். எனக்கு இந்த இடைவெளி போதாது. 50 செ.மீ.க்கு ஒரு வளையம் வைத்தால் தாங்குதிறன் பல மடங்கு கூடும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழையதை வாங்கவே மாட்டேன். பாய்லர், அழுத்தக் கலன் செய்யும் பட்டறையில் புதுத் தகடு உருட்டி, குவிந்த மூடிகளோடு செய்யச் சொல்வேன். தகட்டின் தரத்தைச் சொல்லும் ஆலைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

பழையதுதான் என்றால், வெட்டுமுன் தண்ணீரை நிரப்பி வாயுவை முழுக்க வெளியேற்றுங்கள். தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் மீட்டரில் பல இடங்களில் அளக்கவும். அப்புறம், இந்த உருளை கடலில் 1.6 டன் மிதப்பு தரும். இரும்பின் எடை அரை டன்கூட வராது. மூழ்குவதற்கு வேண்டிய மீதி எடைக்கு ஈயம் வாங்கக் காசு ஒதுக்கிவிட்டீர்களா?

முதல் முறை ஆளில்லாமல் 45 மீட்டருக்கு இறக்கிப் பாருங்கள்.