நகம் வெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 2 வயது. நகம் வெட்ட வீட்டில் மூன்று பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கிறோம். போன மாதம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டது. அதிலிருந்து நகவெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் உறுமுகிறது. உறுமும்போது நாலு போட்டால் அடங்கிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பயமாக இருக்கிறது, என்னை விட்டுவிடு என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி உறுமல்தான். அதற்கு அடி விழுந்தால் உறுமுவதை நிறுத்திவிடும், பயம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கும், ஒருநாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நேராகக் கடிக்கும். உறுமிக் காட்டுகிற நாய் நல்ல நாய் என்பேன்.

அது பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நாயின் நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகமாக இருந்தால் இளஞ்சிவப்பாக வெளியே தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது, அதில் வெட்டுப்பட்டால் நல்ல வலி. அதனால் முதல் வேலை, கொஞ்ச நாளைக்கு நகம் வெட்டுவதையே நிறுத்துங்கள். நகம் வளைந்து பாதத்தில் குத்துகிற அளவுக்கு வளர்ந்திருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் போய் வெட்டிக்கொள்ளுங்கள்.

இந்த இடைவெளியில் பழக்க வேண்டும். நகவெட்டியை எடுத்துத் தள்ளி ஒரு இடத்தில் வையுங்கள், நாய் அதைப் பார்த்ததும் உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள், நகவெட்டியை உள்ளே வைத்துவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். இதில் வரிசை முக்கியம். முதலில் நகவெட்டி, அப்புறம் கோழி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கோழியைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டுக் காலைப் பிடிக்கிறார்கள், கடைசியில் நாய்க்குக் கோழியைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடுகிறது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள்கூட முதலில் சத்தம், பிறகு உணவு என்ற வரிசையில்தான் பழகின.

நகவெட்டியைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வர ஆரம்பித்தால் அடுத்தது தொடுவது. தோளில் கை வையுங்கள், காலில் கையை இறக்குங்கள், பாதத்தை ஒரு நொடி பிடித்து விடுங்கள், பிறகு நகவெட்டி நகத்தில் பட்டால் போதும், வெட்டக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தீனி உண்டு. எந்தப் படியிலாவது உதட்டை நக்கினாலோ, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தாலோ ஒரு படி பின்னால் வாருங்கள். அசையாமல் விறைத்து நின்றால் அடங்கிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பல நாய்கள் பயத்தின் உச்சத்தில்தான் அப்படி நிற்கும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த முறை. சிராக் பட்டேல் என்ற பயிற்சியாளர் பிரபலமாக்கியது. ஒரு சிறிய டப்பாவில் தீனி போட்டுப் பக்கத்தில் வையுங்கள். நாய் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நீங்கள் தொடலாம், சீவலாம், இடையிடையே தீனியும் கொடுக்க வேண்டும். பார்வையை விலக்கிய அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும், இன்னும் ஒரே ஒரு நகம்தானே என்று இழுக்கவே கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை வந்த நாய் எழுந்து ஓடாது. அமுக்கிப் பிடிப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் செய்து பாருங்கள். வெட்ட ஆரம்பித்த பிறகும் நாளைக்கு ஒரு நகம் போதும், நுனியில் கொஞ்சமாக.

கேள்வி: சிப்பிப்பாறை வளர்க்கிறோம். குளிப்பாட்டவும் உண்ணி எடுக்கவும் நன்றாக ஒத்துழைக்கும். ஒரு வாரமாகக் காதுப்பக்கம் கை போனாலே சீறுகிறது. என்ன பயிற்சி கொடுக்கலாம்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பயிற்சி அப்புறம், முதலில் மருத்துவர். இத்தனை நாள் விட்ட நாய் திடீரென்று விடவில்லை என்றால் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காதுக்குள் புண் இருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், உண்ணி உள்ளே ஏறியிருக்கலாம். சோர்வு, காய்ச்சல், சாப்பிடாமை இருந்தாலோ ஈறு வெளுத்திருந்தாலோ உண்ணிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், தள்ளிப்போட வேண்டாம். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

கேள்வி: மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது வாய்க்கு மூடி போடச் சொல்கிறார்கள். பாவம் இல்லையா?
– வாசகி, சேலம்

பதில்: பாவமே இல்லை, சரியானதை வாங்கினால். வாயை இறுக்கிக் கட்டும் துணி மூடி வேண்டாம், நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிவைப்பது ஆபத்து. கூடை மாதிரி உள்ள மூடியில் வாயைத் திறக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். வீட்டிலேயே அதற்குள் கொஞ்சம் தயிர் தடவி நீட்டுங்கள், நாய் தானாக மூக்கை நுழைத்து நக்கட்டும், வாரைப் பூட்டுவது பல நாள் கழித்து. இத்தனைக்குப் பிறகும் யாரையாவது பல் பதியக் கடித்துவிட்டால், வளர்ப்பு நாய்தானே, ஊசி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.