வாசகர் கேள்விகள்: 1,500ஆவது குழந்தை

ஈரோடு வாசகர்: உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. தண்ணீர், மண், கனிமம் எல்லாமே தீர்ந்துகொண்டு வருகின்றன. இப்படியே பெருகினால் மனித நாகரிகமே சரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

2022 நவம்பர் 15 அன்று 800 கோடியைத் தொட்டோம் என்று ஐ.நா. அறிவித்தது. வளங்கள் தீர்வதும் உண்மை. ஆனால் தலைகள் பெருகியதால்தான் வளம் தீர்ந்தது என்று யோசிக்காமல் சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் புவியியல் நடத்திய காலத்தில் இந்தப் பேச்சு எழுந்தால், சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நௌருவைத் தேடச் சொல்வேன். எளிதில் அகப்படாது. பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டி, வெறும் 21 சதுர கிலோமீட்டர் தீவு அது.

சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில், கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். நௌருவிலிருந்து வந்த கல். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதைச் சோதித்துப் பார்த்தார். உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. 1907இல் கப்பல்கள் அதை ஏற்றிச் செல்லத் தொடங்கின. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து சுரங்கத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தன. உரமாக அது போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளுக்கு.

அந்தக் காலத்தில் தீவின் சொந்த மக்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆயிரத்துச் சொச்சம்! 1920இல் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் பரவி ஏராளமானோர் மாண்டார்கள். 1,500 பேராவது இல்லையென்றால் இந்த இனம் பிழைக்காது என்று ஆஸ்திரேலிய நிர்வாகி கணக்குச் சொன்னார். தீவே காத்திருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று 1,500ஆவது உயிராக ஒரு குழந்தை பிறந்தது. அந்த நாள் இன்றும் அங்கே தேசிய விடுமுறை. அடுத்த உலகப் போரில் ஜப்பானியப் படை 1,200 பேரைத் தொலைதூரத் ட்ரக் தீவுகளுக்கு நாடுகடத்தியது, நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. மறுபடியும் 1,500ஐ எட்ட 1949 வரை காத்திருந்தார்கள்.

ஒரு பக்கம் குழந்தை பிறக்காதா என்று ஏங்குகிறார்கள், மறுபக்கம் அவர்கள் காலடி நிலத்தைச் சுரண்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. தீவின் சுமார் ஐந்தில் நான்கு பங்கு நிலம் பாழானது. பாஸ்பேட்டை வழித்தெடுத்த இடத்தில் சுண்ணாம்புப் பாறை முனைகள்தான் குத்திட்டு நிற்கின்றன. அங்கே எதைப் பயிரிடுவது? சாப்பாட்டின் பெரும்பகுதி கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

1960களில், குவீன்ஸ்லாந்தை ஒட்டிய கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயரச் சொன்னது ஆஸ்திரேலியா. தனி மக்களாக வாழ முடியாது என்பதால் நௌரு மக்கள் மறுத்துவிட்டார்கள். 1968 ஜனவரி 31 அன்று விடுதலை. பிறகு சுரங்கம் அவர்கள் கைக்கே வந்தது, பணம் கொட்டியது, மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுந்தது. எதிர்காலத்துக்கென்று சேர்த்த நிதியை அவர்களுடைய ஆட்சியாளர்களே கரைத்தார்கள். அந்தப் பழியைப் பிறர்மேல் போட முடியாது. 2004இல் கட்டடமும் விலைபோனது. நிலத்தைப் பாழாக்கியதற்காக 1989இல் ஆஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் நௌரு வழக்குத் தொடுத்தது, 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. பணம் வந்தது, மண் வரவில்லை.

ஆகவே, வளம் தீர்ந்து ஒரு சமூகம் சரிய முடியுமா என்றால், முடியும். அதற்குக் கூட்டம் தேவையில்லை. எங்கோ இருப்பவரின் தேவைக்கு எவ்வளவு எடுக்கிறார்கள், எவரைக் கேட்டு எடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மதுரை வாசகி: ஈஸ்டர் தீவில் மக்கள் பெருகி, மரங்களையெல்லாம் வெட்டி, தாங்களாகவே அழிந்தார்கள் என்று படித்தேனே?

பனையினக் காடுகள் அழிந்தது மெய்தான். வெட்டியது பாதிக் காரணம் என்றால், படகில் வந்த எலிகள் விதைகளைத் தின்றதும் ஒரு காரணம். ஆனால் மக்கள் அழிந்துபோகவில்லை. தோட்டத்தில் கற்களைப் பரப்பி, ஈரம் காத்து, கிழங்கு பயிரிட்டார்கள். டச்சுக் கப்பல் 1722இல் அங்கே போனபோது உயிரோட்டமான ஒரு சமூகத்தைத்தான் கண்டது. பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வும், 17ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்ததாகச் சொல்லப்படுவதற்குத் தடயமே இல்லை என்கிறது. உண்மையான பேரிடி 1862இல் வந்தது. பெருவிலிருந்து வந்த அடிமை வணிகர்கள் சுமார் 1,500 பேரைப் பிடித்துப் போனார்கள். திரும்பிவந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். கொள்ளையடித்தவர்களை விட்டுவிட்டு, மாண்டவர்களையே குற்றவாளிகளாக்கி நாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா?

திருச்சி வாசகி: திருமணமாகி ஓராண்டாகிறது. இந்த நிலையில் குழந்தை பெறுவது பூமிக்குச் செய்யும் துரோகம் என்று தோழி சொல்கிறாள்.

மகளே, அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். உலக அளவிலும் 2080களில் சுமார் 1,030 கோடியைத் தொட்டுவிட்டுக் குறையத் தொடங்கும் என்பது ஐ.நா.வின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பு.

இந்த எண்ணிக்கைப் பயம் எப்போதும் ஏழைகள் தலையில்தான் விடிந்திருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், கட்டாயக் கருத்தடைக்கு இழுத்துப் போனது யாரை? பெரும்பாலும் கூலிக்காரர்களையும் குடிசைவாசிகளையும்தான். அதனால்தான் பூமியின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை மிரட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெறுவதும் வேண்டாம் என்பதும் உங்கள் இருவரின் முடிவு. உங்கள் உடல்நிலை, வேலை, வீட்டுச் சூழல், மனத்தின் ஆசை இவற்றைப் பார்த்து முடிவெடுங்கள்.