தோணியடியின் வழுவழுப்பு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கடல் பற்றீரியாக்கள் பற்றிய கட்டுரையில், ஒட்டுவதா நீந்துவதா என்று அவை 'முடிவெடுக்கின்றன' என எழுதியிருந்தீர்கள். எங்கள் அப்பாவின் தோணி மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்குள் கட்டிக் கிடக்கிறது. சுரண்டிக் கழுவி இறக்கினாலும் இரண்டு நாளில் அடிப்பலகை வழுக்கத் தொடங்கிவிடும். மூளையே இல்லாத ஒன்று எப்படி முடிவெடுக்கும்?

ஒரு வாசகர், கல்லடி

அன்புள்ள தம்பி,

அந்த வழுவழுப்பை நகத்தால் வழித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சளி மாதிரி இழுபடும். பற்றீரியாக்கள் தாங்களே சுரந்தது அது. பெரும்பகுதி சீனி மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி. அதற்குள் கூட்டமாகக் குடியிருப்பதைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். பாசியும் சிப்பியும் பெரும்பாலும் அதற்குப் பிறகு வருபவை.

'முடிவு' என்ற சொல்லை நான் மாற்ற மாட்டேன். கணக்குப் பார்ப்பதற்கு மூளை இல்லை, சரி; பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், இருக்கின்றன. கலத்துக்குள் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்றொரு சின்ன மூலக்கூறு. அது கூடினால் சளி செய்யும் பரம்பரையலகுகள் விழித்துக்கொள்ளும், நீந்தும் வால் அடங்கும். குறைந்தால் மறுபடி நீச்சல். உவர்நீரில் வாழும் கொலராப் பற்றீரியாவில் இந்த ஒரு மூலக்கூறைச் செய்யவும் உடைக்கவும் தொடர்பான பரம்பரையலகுகள் மட்டும் 60க்கு மேல். இத்தனை எதற்கு? மாரியில் முகத்துவாரம் வெட்டி வெள்ளம் ஓடும்போது நம் வாவி எப்படி இருக்கிறது, கோடையில் உப்பேறி எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் பிழைக்கும் உயிருக்கு உப்பு, சூடு, உணவு எல்லாவற்றையும் தனித்தனியே மோப்பம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்னை அதிகம் வியக்க வைத்தது அவை கலைந்து போகும் விதம். ஒவ்வொரு கலமும் ஒரு வேதிப்பொருளை வெளியே விடுகிறது; அது எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதை வைத்துக் கூட்டத்தின் அளவை அறிகிறது. கூட்டம் பெருத்தால் படலமும் பெருக்கும் என்றுதான் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். சில இனங்களில் அப்படித்தான். கொலராவில் நேரெதிர்: நெருக்கம் கூடியதும் ஹாப்ஆர் என்ற புரதம் பெருகிச் சளிப் பரம்பரையலகுகளை அடக்கிவிடும். குடியேறும் கட்டளையோடு வெளியேறும் கட்டளையும் உள்ளேயே எழுதியிருக்கிறது.

இன்னொன்று. ஹவாயில் ஒரு சின்னக் கணவாய் இருக்கிறது. அதன் வயிற்றுப் பக்கத்து ஒளியுறுப்புக்குள் விப்ரியோ பிஷரி என்ற ஒளிரும் பற்றீரியா குடியேறினால்தான் அது ஒளிரும். உள்ளே போகும் முன் பற்றீரியாக்கள் வாசலில் சளிகட்டிக் கூட வேண்டும். ஜப்பானிய மீன் ஒன்றில் வாழும் அதே இனத்துப் பற்றீரியாவுக்கு இது முடியாது. ஆய்வாளர்கள் அதற்கு ஆர்எஸ்சிஎஸ் என்ற ஒரேயொரு பரம்பரையலகைக் கொடுத்தார்கள். அதுவும் கணவாய்க்குள் குடியேறிவிட்டது. 2009இல் வந்த ஆய்வு அது. படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மாரி வெள்ளம் வந்து வாவி நன்னீரான நாட்களிலும் பலகை வழுக்க இரண்டு நாள்தான் எடுக்கிறதா?