மல்கோவாவை பியரில் போடலாமா? ஏற்காட்டில் ஒரு கேள்வி பதில்

பெங்களூருவில் ஒரு ப்ரூபப்பில் ஒன்பது வருடம் பியர் காய்ச்சிவிட்டு, இப்போது நாகலூர்ப் பக்கம் காபி வறுத்துக்கொண்டிருக்கிறேன். "காய்ச்சினேன்" என்று சொன்னாலே நம் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் அத்தை இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "பையன் பெங்களூருல கம்பெனி வேலை" என்றுதான் சொல்கிறார். போன ஞாயிறு எங்கள் சமையல் குழு ஏற்காட்டில் கூடியது. வெளியே மழை, உள்ளே கரண்ட் இல்லை. அடுப்பு வேலை நடக்காது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி என்னிடம் நீட்டிவிட்டார்கள். அன்று சொன்னதை, விட்டுப்போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ப்ரூபப் என்றால் என்ன அண்ணா? கடையில் வாங்கும் பியரைத்தானே ஊற்றித் தருகிறார்கள்? (அஸ்தம்பட்டி)

இல்லை தம்பி. மாவு அரைப்பதும் இட்லி ஊற்றுவதும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிற கடை என்று வைத்துக்கொள். கண்ணாடிக்குப் பின்னால் டேங்க், முன்னால் மேசை. பாட்டில் பியரை வடிகட்டி, 60 டிகிரிக்குச் சூடு காட்டி, மாதக்கணக்கில் கெடாதபடி அனுப்புகிறார்கள். ப்ரூபப்பில் டேங்கிலிருந்து நேராகக் குழாய்க்கு வரும், சில வாரங்களுக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். கர்நாடகத்தில் இதற்கென்று தனி உரிமம் உண்டு. நம் பக்கம் சில்லறை விற்பனை 2003லிருந்து டாஸ்மாக் கையில். அதனால் இந்தத் தொழிலைக் கற்க நான் ஓசூரைத் தாண்ட வேண்டியிருந்தது.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? நாள் பூராவும் ருசி பார்ப்பீர்களா? (செவ்வாய்ப்பேட்டை)

எல்லோரும் கேட்கும் கேள்வி. நாள் பூராவும் கழுவுவோம் என்பதுதான் பதில்.

காலை ஏழு மணிக்கு மால்ட் அரைப்பதில் ஆரம்பம். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. 500 லிட்டர் பியருக்கு ஏறக்குறைய 100 கிலோ வேண்டும், அதாவது 25 கிலோ மூட்டை நான்கு. அதை வெந்நீரில் கொட்டி 66 டிகிரி பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்திருப்போம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பாட்டியிடம் கேளுங்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினால் சாதா மாவு மாதிரி இறுகாமல் நீர்த்து நிற்கும், லேசாக இனிக்கவும் செய்யும். தானியம் முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. பார்லியிலும் அதே கதைதான். அந்த நேரத்தில் கடை முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை அடிக்கும்.

பிறகு சக்கையை விட்டுச் சாற்றை மட்டும் வடித்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு, சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் நம் வேலை முடிந்தது, இனி அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்குவது ஈஸ்ட்டின் வேலை. ஈரத்தோடு நூறு கிலோவுக்கு மேல் சக்கை மிஞ்சும். எங்களிடம் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் தினமும் வந்து அள்ளிப்போவார். அவர் வராத நாளில்தான் அவர் அருமை தெரியும், மதியத்துக்குள் புளித்து நாறிவிடும்.

மற்றபடி காஸ்டிக் சோடா, ஆசிட், வெந்நீர், மறுபடி காஸ்டிக். ஒரு லிட்டர் பியருக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் செலவாகும், சின்ன இடங்களில் அதைவிடக் கூட. அதில் பெரும்பங்கு கழுவத்தான்.

சீசன் பியர் என்கிறார்களே, அந்த சீசனை யார் முடிவு செய்வது? (ஏற்காடு, காபித் தோட்டக்காரர்)

ஐயா, முன்காலத்தில் வெயில் முடிவு செய்தது. ஜெர்மனியின் பவேரியாவில் 1553ல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பியர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும். அதனால் மார்ச்சில் கொஞ்சம் காட்டமாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் அடுக்கிவைத்து, மீதியை இலையுதிர் காலத்தில் குடித்துத் தீர்த்தார்கள். அதற்கு மார்ட்ஸன் என்று பெயர், மார்ச் பியர். நாம் வெயில் காலத்தில் வடகம் போட்டு மழைக்கு எடுத்துவைப்பதை அப்படியே தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எல்லா டேங்கையும் சுற்றிக் குளிர் திரவம் ஓடுகிறது. குளிரில் மெதுவாகப் புளிக்கிற லாகர் வகையை மே மாதத்திலும் 10 டிகிரியில் போடலாம். அதனால் இப்போது சீசன் என்பது குடிப்பவரின் நாக்கைப் பொறுத்தது. ஏப்ரல், மே என்றால் லேசான கோதுமை பியரும் புளிப்பு வகைகளும் ஓடும். மழை தொடங்கினால் கொஞ்சம் கசப்பும் நிறமும் கேட்பார்கள். டிசம்பரில் பட்டை கிராம்பு போட்ட கறுப்பு பியர். ஆனால் என்னைக் கேட்டால் ஐபிஎல்தான் பெரிய சீசன். அந்த ஏழெட்டு வாரம் நீங்கள் என்ன புதுமை செய்தாலும் மேட்ச் பார்க்க வந்த கூட்டம் லேசான லாகரைத் தவிர எதையும் தொடாது.

உள்ளுக்குள் நடக்கும் சண்டை வேறு. கோதுமை பியர் இரண்டு வாரத்தில் ரெடி. ஒழுங்கான லாகருக்கு ஐந்தாறு வாரம் வேண்டும். ஒரு டேங்கில் மார்ட்ஸன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதே டேங்கில் மூன்று கோதுமை பியர் எடுத்து விற்கலாம். அக்டோபருக்கு வேண்டும் என்றால் ஆகஸ்டில் டேங்கைக் காலி செய்து தரவேண்டும். ஆகஸ்டில் கேட்டால் மேனேஜர் "பார்க்கலாம்" என்பார், செப்டம்பர் கடைசியில் "எங்கே மார்ட்ஸன்?" என்பார். ஒன்பது வருடமும் இப்படித்தான் ஓடியது.

சேலத்து மாம்பழத்தில் பியர் போட்டிருக்கிறீர்களா? மல்கோவா போட்டால் எப்படி இருக்கும்? (அம்மாப்பேட்டை)

போட்டிருக்கிறேன் அக்கா, பாவம் பண்ணியிருக்கிறேன். முதல் வருடம் ஊர்ப் பெருமை தலைக்கேறி மல்கோவா கொண்டுபோனேன். ஈஸ்ட்டுக்கு மல்கோவாவும் தெரியாது, நீலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சர்க்கரை மட்டும். இனிப்பை எல்லாம் தின்று தீர்த்துவிட்டது. நாம் மல்கோவாவை எதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறோமோ அது முழுக்கப் போய், தோல் பக்கத்து வாசமும் கொஞ்சம் நாரும்தான் மிஞ்சின. மாம்பழ பியர் மாம்பழ ஜூஸ் மாதிரி இனிக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் இதனால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்த வருடம் கிளிமூக்குக்கு மாறினேன், பெங்களூரா என்போமே அது. சாப்பிட்டால் சுமார்தான். ஆனால் இனிப்பு போன பின்னும் அதில் ஒரு புளிப்பு நிற்கும், பியருக்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. கிருஷ்ணகிரிப் பக்கக் கூழ் ஃபேக்டரிகளில் இந்தப் பழம் கூழாகவே கிடைக்கிறது, உரித்துக்கொண்டு உட்கார வேண்டாம். 500 லிட்டர் கோதுமை பியருக்கு 50 கிலோ கூழ், அதுவும் முதல் நாளில் இல்லை. ஈஸ்ட் பொங்குவது அடங்கி நான்காம் நாளில் போட வேண்டும். முதலிலேயே போட்டால் பொங்கிவரும் வாயுவோடு வாசனையும் பறந்துவிடும். கூழைக் கொதிக்கவும் வைக்கக் கூடாது, பழத்தை ஜாம் மாதிரி இறுக்கும் பெக்டின் இளகி பியர் கடைசிவரை தெளியாது. கோதுமை பியர் எப்படியும் கலங்கல்தான் என்பதால் நான் அதற்கு ரொம்பக் கவலைப்பட்டதில்லை.

கூழ் போட்டதும் அடங்கியிருந்த ஈஸ்ட் மறுபடி விழித்துப் பொங்கும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும், கையில் தெரியாது. வாயு வெளியேறும் குழாயில் மாங்காய் நார் போய் அடைத்துக்கொண்டது. நல்லவேளை, பாதுகாப்பு வால்வு திறந்தது. திறந்த வேகத்தில் கூரை வரைக்கும் மஞ்சள். சனிக்கிழமை சாயங்காலம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டம். அவர்கள் ஏதோ வேடிக்கைக் காட்சி என்று கைதட்டினார்கள். நான் ஏணி போட்டு இரவு ஒரு மணி வரை துடைத்தேன்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பியரில் நம் மலைக் காபி போடலாமா? சிக்கரி கலந்தது ஆகுமா? (ஏற்காடு)

மாம்பழத்தை விட இது நூறு மடங்கு நல்ல யோசனை. கறுக வறுத்த பார்லியில் ஏற்கெனவே காபி வாசம் உண்டு, அதனால் ஒட்டிக்கொள்ளும். சூடாக டிகாஷன் இறக்கி ஊற்றாதீர்கள், கசப்பின் மேல் கசப்பாகிவிடும். நடுத்தரமாக வறுத்த அராபிகாவைப் பெரும்பொடியாக அரைத்து, குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, பியர் முடிந்து டேங்கை விட்டு எடுக்கும்போது கலக்க வேண்டும். லிட்டர் பியருக்கு 8 முதல் 10 கிராம் பொடி என்பது என் கணக்கு. சிக்கரி கலந்ததையும் ஒருமுறை முயன்றேன், சேறு குடித்த மாதிரி இருந்தது. ஃபில்டருக்குச் சிக்கரி வேண்டும் என்று சண்டை போடுகிற ஆள் நான், ஆனால் இதற்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. காபி பியர் நாளாக ஆக அதில் பச்சைக் குடைமிளகாய் வாசம் ஏறும். ஒரு மாதத்துக்குள் காலி செய்துவிடுவது நல்லது.

கொத்தமல்லி போட்ட பியர் உண்டு என்று என் மருமகன் சொல்கிறான். கேலி செய்கிறானா? (குகை)

இல்லை அம்மா, மருமகன் சொன்னது சரி. தழை இல்லை, விதை. பெல்ஜியத்தின் விட்பியர் என்ற கோதுமை பியரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும்தான் வாசனை. 1950களில் அந்த வகையே வழக்கொழிந்துபோனது. ஹூகார்டன் என்ற ஊரில் பால் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் 1966ல் அதைத் திரும்பக் காய்ச்சினார். அவர் பெயர் பியேர் செலிஸ். பெயரிலேயே பியர், விடுவாரா? நான் குளிர்காலத்தில் இந்த மலைக் கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துக் கொண்டுபோவேன். உள்ளே இருக்கும் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். கொத்தமல்லியை ரசத்துக்குத் தட்டுவது போல ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும், கொதி இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடவேண்டும்.

கோதுமை பியரில் வாழைப்பழ எசன்ஸ் கலக்கிறார்களா? (சூரமங்கலம்)

கலப்பதில்லை. அந்த வகை ஈஸ்ட்டே அப்படி ஒரு வாசனையைத் தயாரிக்கும், கூடவே கிராம்பு வாசத்தையும். கொஞ்சம் சூடாக விட்டால் வாழைப்பழம் ஏறும்.

எங்கள் வீட்டில் சேகோ ஃபேக்டரி. ஜவ்வரிசியில் பியர் ஆகுமா? (ஆத்தூர்)

ஆகும். மரவள்ளியில் மாவுச்சத்து இருக்கிறது, அதை உடைக்கும் நொதி இல்லை. பார்லி மால்ட்டோடு சேர்த்தால் மால்ட் தன் நொதியைக் கடன் கொடுக்கும். மொசாம்பிக் நாட்டில் 2011லிருந்து இம்பாலா என்ற பெயரில் மரவள்ளி பியர் கடையிலேயே விற்கிறார்கள். நான் ஒருமுறை மால்ட்டில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு ஜவ்வரிசி போட்டேன். பியர் நல்ல தெளிவு, வாயில் லேசு. ஆனால் ருசிக்கு அது ஒன்றும் சேர்க்காது. "சேலம் ஸ்பெஷல்" என்று பலகையில் எழுதினோம், குடித்தவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொந்த ஊர்ச் சரக்கு என்பதால் எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. அதில் பியர்? (கருப்பூர்)

மாக்னசைட் சுரங்கத்துக்குப் பக்கத்தில் போர் போட்டுவிட்டு இப்படிக் கேட்கிறீர்களே! உப்பும் காரத்தன்மையும் கூடிய தண்ணீரில் வெளிர் பியர் முரட்டுக் கசப்பாக வரும், கறுப்பு பியர் தப்பிக்கும். கறுக வறுத்த தானியத்தின் புளிப்பு அந்தக் காரத்தைச் சரிக்கட்டிவிடும். செக் நாட்டின் பில்சன் ஊரில் தண்ணீர் ரொம்ப மென்மை, அதனால் அங்கே பொன்னிற பில்ஸ்னர் பிறந்தது. இந்தக் காலத்தில் ஆர்ஓ போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வேண்டிய உப்பை அளந்து சேர்க்கிறோம்.

வீட்டிலேயே சின்னதாகச் செய்து பார்க்கலாமா? (பெயர் போடவில்லை)

பெயர் போடாததிலிருந்தே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம்.

உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். பெண் என்பதால் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்களா அண்ணா? (ஓமலூர்)

எடுப்பார்கள் கண்ணு. என்னோடு வேலை செய்தவர்களில் மூக்குக் கூர்மையான ஆள் ஒரு பெண்தான், பியரில் வெண்ணெய் வாசம் என்ற கோளாறு தட்டினால் எங்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார். நுண்ணுயிரியலை நன்றாகப் படி. மூட்டை தூக்க, ஈரத்தில் பத்து மணி நேரம் நிற்கத் தயாராக இரு. ரப்பர் பூட்ஸ் நல்லதாக வாங்கு. ஒன்றை மட்டும் மறக்காதே: காலியான டேங்குக்குள் தலையை விடாதே. கரியமில வாயு அடியில் தங்கியிருக்கும், நிறம் கிடையாது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பழைய ஆட்கள்தான் "இவ்வளவுதானே" என்று குனிவார்கள். யார் குனிந்தாலும் கத்து.

ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்த ஜில்லா இது. இங்கே உட்கார்ந்து இதையெல்லாம் பேசுகிறோமே? (வயதான உறுப்பினர்)

1937 அக்டோபர் 1, சேலம் ஜில்லா. உண்மைதான் ஐயா. போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்ததும் அந்தக் கதையின் மிச்சம்தான். என் தாத்தா சொட்டு தொடாதவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ குடிக்கிறியா?" ருசி பார்த்துத் துப்புவேன் என்றேன். பாதி உண்மை. அவரும் பாதி நம்பினார்.

அடுத்த முறை பெங்களூரு போனால் எங்களுக்கு ஒரு கேன் பிடித்துக்கொண்டு வாருங்களேன்? (பல பேர்)

மாட்டேன். வெளிமாநிலச் சரக்கை அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படி தப்பு. அது போக, குழாயில் பிடித்த பியர் காற்றுப் பட்டு இரண்டு நாளில் ஈர அட்டைப் பெட்டி மாதிரி ருசிக்கும். குடிக்க வேண்டும் என்றால் ரயிலில் போங்கள், அங்கேயே தங்குங்கள், மறுநாள் திரும்புங்கள். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். அதைத் தாண்டாவிட்டாலும், சேலத்திலிருந்து இங்கே ஏற 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

இதைச் சொல்லும்போது கரண்ட் வந்துவிட்டது. பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது யாருக்கும் நினைவில்லை.