நாலு மணிக்கு எழுப்ப வேண்டாம், அம்மா

வணக்கம் அம்மா. போன வாரம் திருமங்கலத்திலிருந்து வந்து, மகனை எந்தக் கோர்ஸில் சேர்க்கலாம் என்று கேட்டீர்கள். கிளம்பும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்: "ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிக்கிறான் சார், நாலு மணிக்கு டீ போட்டு எழுப்பிவிடுகிறேன்." கோர்ஸைப் பரீட்சை முடிந்து பேசிக்கொள்ளலாம். எனக்கு அந்த மூன்று மணி நேரத் தூக்கம்தான் உறுத்துகிறது.

விடியற்காலைப் படிப்பு நல்லதுதான். நானும் அப்படிப் படித்தவன். ஆனால் அப்போது ஒன்பது மணிக்கு வீடே அடங்கிவிடும். நாம் அந்த நாலு மணியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒன்பது மணியை விட்டுவிட்டோம்.

ஒரு கணக்குப் பாருங்கள். நாலு மணிக்கு எழுந்தவனுக்கு இரவு 9 மணியோடு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் கவனம் அளவுக்கு மங்குகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. அப்படிப்பட்ட தலையை வைத்துக்கொண்டுதான் உங்கள் பையன் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இயற்பியல் படிக்கிறான்.

படித்தது மனதில் தங்குவதற்கும் தூக்கம் வேண்டும். ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில் அதிகம். கனவு வரும் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். நினைவு பதிய இரண்டுமே தேவை. மூன்று மணி நேரத்தில் எழுப்பினால் பின்பாதி மொத்தமும் போச்சு. "தெரிந்த கணக்குதான் சார், மைனஸைப் பிளஸ்னு எழுதிட்டேன்" என்று பிள்ளைகள் வந்து நிற்பதில் பாதி இந்தக் கதைதான் என்பது என் எண்ணம்.

இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பரீட்சை நேரத்தில் அது நடக்காது, எனக்கும் தெரியும். ஏழுக்குக் கீழே மட்டும் இறங்க விடாதீர்கள். பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழட்டும். பதின்வயதில் தூக்கம் வருவதே தாமதமாகத்தான், உடம்பு அப்படி. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் புரளுவான், திட்டாதீர்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் வீரியம் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். அப்புறம், போன் உங்கள் அறையில் சார்ஜ் ஏறட்டும்.

பங்குனிப் பொங்கல் ரேடியோ செட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டிலிருந்தே விதி. விழா நாட்களுக்குச் சில சமயம் விலக்கு கொடுப்பார்கள். எதற்கும் கமிட்டிக்காரர்களிடம் நேரில் சொல்லிப் பாருங்கள், பரீட்சை எழுதும் பிள்ளை அவர்கள் வீட்டிலும் இருக்கும். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய மதுரையிலேயே, ராத்திரி சொக்கரைப் பள்ளியறைக்கு அனுப்பிவிட்டுத்தானே கோயில் நடை சாத்துகிறார்கள்!

பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு. ஐந்தரைக்கு எழுந்தாலும் ஒருமுறை புரட்டிப் பார்க்க நேரம் இருக்கிறது. நீட் எழுதுவதாக இருந்தால் அது பகல் 2 மணிக்கு, கண் சொக்கும் நேரம். பொதுத்தேர்வு முடிந்ததிலிருந்து மாதிரித் தேர்வை அதே நேரத்தில் எழுதிப் பழகட்டும்.

டீயை நிறுத்த வேண்டாம் அம்மா. ஐந்தரைக்குப் போடுங்கள். நீங்களும் அதுவரை தூங்குங்கள்.