இரண்டு சர்வர், ஒரு கூலிக் கணக்கு

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ், மலைக்குக் கீழே சேலம் அஸ்தம்பட்டியில் டவுன் ஆபீஸ். இரண்டிலும் விண்டோஸ் சர்வர் வைத்து, ஒரே ஃபோல்டர் இரண்டு பக்கமும் வரும்படி செய்து கொடுத்தார்கள். மேலே காபிப் பழ எடை ஏற்றுகிறோம், கீழே அதே எக்ஸெல் ஷீட்டில் கூலி போடுகிறார்கள். சனிக்கிழமை ஏற்றிய 43 பேரின் எடை திங்கட்கிழமை காணோம். 'நீங்கள் சேவ் செய்யவில்லை' என்கிறார் கம்பெனிக்காரர்.
– எஸ்டேட் கணக்கர், ஏற்காடு

பதில்: சேவ் செய்திருப்பீர்கள். அவர் சொல்வதை நம்பாதீர்கள்.

ஒருவர் ஷீட்டைத் திறந்தால் சர்வர் அதைப் பூட்டிவைக்கும். அந்தப் பூட்டு அந்த ஒரு சர்வரோடு சரி. யார் திறந்திருக்கிறார் என்று குறித்துவைக்க எக்ஸெல் '~$' என்று தொடங்கும் மறைவான ஃபைல் ஒன்றை அருகிலேயே வைக்கும். அதுவும் மலை இறங்காது. இரண்டு சர்வரிலும் ஒரே ஃபோல்டரை நகலெடுத்து வைக்கும் விண்டோஸ் வசதிக்கு டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் என்று பெயர். அதில் '~' என்று தொடங்கும் ஃபைல்களை நகலெடுக்காமல் விடுவதுதான் வழக்கமான அமைப்பு. ஆக இரண்டு பேரும் திறக்கலாம், இரண்டு பேரும் சேவ் செய்யலாம். கடைசியில் சேவ் ஆனது நிற்கும். வரிவரியாகச் சேர்க்கும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது, முழு ஃபைலும் போய்விடும்.

தோற்றுப்போன பிரதி, 'டிஎஃப்எஸ்ஆர் பிரைவேட்' என்ற மறைவான ஃபோல்டருக்குள் 'கான்ஃப்ளிக்ட் அண்ட் டெலீட்டட்' என்ற இடத்தில் பெயர் மாறிக் கிடக்கும். இடம் நிறைந்தால் பழையதை அதுவே அழித்துவிடும். இன்றைக்கே தேடச் சொல்லுங்கள்.

இனிமேல் எடைக்கு ஒரு ஃபைல், கூலிக்கு ஒரு ஃபைல். ஒன்றில் மேலே மட்டும், மற்றதில் கீழே மட்டும் எழுதட்டும். இல்லையென்றால் எல்லோரும் ஒரே சர்வரிலிருந்து திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் பலர் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்டிரைவ், கூகுள் ஷீட்ஸ் பக்கம் போங்கள்.

உங்கள் கொட்டேஷனில் இதற்கு 'பேக்கப்' என்று பெயர் போட்டிருக்கிறார்களா, பாருங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது. நானும் இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்றை, 'ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் சார்' என்றதை நம்பி வாங்கினேன். டிஸ்க் எதுவும் போகவில்லை. நான்தான் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தேன். அதே நொடியில் இரண்டாவது டிஸ்க்கிலும் அழிந்தது. நேற்றைய நிலைக்குத் திரும்ப முடிந்தால்தான் அது பேக்கப். இல்லாவிட்டால் வெறும் கண்ணாடி. கண்ணாடியை விற்றுவிட்டுப் பெட்டகம் என்று பில் போடுகிறார்கள்.

இன்னொன்று: வியாபாரத்துக்காக வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் புகார் நிற்பது கடினம். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழில் செய்பவருக்குத்தான் விலக்கு. பாக்கிப் பணம் ஏதும் இருந்தால் நிறுத்திவைத்துப் பேசுங்கள்.

கேள்வி: பையன்கள் கணக்கை அழிக்கக் கூடாது என்று ஃபோல்டரில் டெலீட் உரிமையை எடுத்துவிட்டேன். இப்போது யார் சேவ் செய்தாலும் மாட்டேன் என்கிறது. எக்ஸெல் மோசமா?
– ஜவுளிக் கடை, அம்மாபேட்டை

பதில்: எக்ஸெல் சேவ் செய்யும்போது புது ஃபைலாக எழுதி, பழையதை அகற்றி, பெயரை மாற்றும். அழிக்க உரிமை இல்லாமல் அது எப்படி நடக்கும்? உரிமையைத் திருப்பிக் கொடுங்கள், தினமும் தனியாக ஒரு பிரதி எடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆபீஸிலும் ஒரே ஷீட்டை எழுதினால் ஒருவருடையது காணாமல் போகிறதே, வேகமான இணையம் போட்டால் அந்தத் தொல்லை தீருமா?
– நாலு ரோடு

பதில்: தீராது.

கேள்வி: கொலுசுப் பட்டறைக்கு 18,000 ரூபாய்க்கு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினேன். வரி மிச்சம் என்று பில் வாங்கவில்லை. பத்தே நாளில் பழுது. கடைக்காரர் போன் எடுப்பதில்லை.
– செவ்வாய்ப்பேட்டை

பதில்: வரியை மிச்சம் பிடித்தீர்கள், சரி. பெட்டி? வெள்ளி வாங்கும்போது தராசு முள்ளைக் குனிந்து பார்ப்பீர்கள் அல்லவா, அந்தக் கண் இங்கே எங்கே போனது? ஆனாலும் பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். யுபிஐயில் பணம் போட்டிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பட்டறை உங்கள் சொந்தப் பிழைப்பு என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.